பொம்மை ரயிலின் பர்னரும் ஒரு சுரங்க விளக்கும்

கேஸ் அடுப்பின் பர்னர் மூடியைக் கழுவிவிட்டுத் திரும்ப வைக்கும்போது கொஞ்சம் கோணலாக உட்கார்ந்துவிட்டால் என்ன ஆகும் என்று உங்கள் வீட்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். 'டப்' என்று ஒரு சத்தம். மேலே எரிய வேண்டிய தீ காணாமல் போய், அடுப்புக்கு அடியில் எங்கேயோ 'உஸ்ஸ்' என்று எரிகிற சத்தம் மட்டும் கேட்கும். குமிழைத் திருப்பி அணைத்து, மூடியை ஒழுங்காக வைத்து, மறுபடி பற்ற வைத்துவிட்டு நாம் பாட்டுக்கு ரசத்தைக் கொதிக்க விடுவோம்.

இந்த 'டப்'புக்கு இருநூறு வருடத்துக்கும் மேற்பட்ட வரலாறு இருக்கிறது. அதில் நிறைய உயிர்ச்சேதம் உண்டு, பெரிய சண்டையும் உண்டு. ரயில் எஞ்சினைச் செய்த ஜார்ஜ் ஸ்டீபன்சனும் அந்தச் சண்டையில் ஒரு கட்சிக்காரர். இதையெல்லாம் நான் தேடிப் படிக்கக் காரணம் ஒரு பொம்மை ரயில்.

பொம்மை என்று சொன்னால் அதன் சொந்தக்காரருக்குக் கோபம் வரும். இங்கே புனேயில் என்னோடு வேலை பார்க்கும் ஒரு மராட்டிய நண்பர். (என்னைவிட வயதில் மூத்தவர், ஆனாலும் என்னை 'அண்ணா' என்றுதான் கூப்பிடுவார். மதராஸி என்றால் எல்லோரும் அண்ணாதான்.) இங்கிலாந்தில் செய்த ஒரு சின்ன நீராவி எஞ்சின் வாங்கி வைத்திருக்கிறார். ஒரு முழத்துக்கும் குறைந்த நீளம். ஆனால் உள்ளே நிஜ பாய்லர், நிஜ தண்ணீர், நிஜ நீராவி. கரிக்குப் பதில் பியூட்டேன் கேஸ். ஓட்டுநர் நிற்கும் இடத்தில் கைக்குள் அடங்கும் ஒரு கேஸ் தொட்டி. அதிலிருந்து நூல் போன்ற ஒரு குழாய், அதன் முனையில் ஒரு ஜெட், அதை அடுத்து பாய்லரின் வயிற்றுக்குள் நீளமாகப் போகும் பர்னர்.

மே மாதம் அதைப் பற்ற வைத்தால் ஊளையிட்டது. நரி ஊளை மாதிரி, பக்கத்து பிளாட்காரர் எட்டிப் பார்க்கும் அளவுக்கு. கொஞ்சம் குறைத்தால் 'டப்'. மறுபடி கூட்டினால் தீ பாய்லரை விட்டு ஓடிப்போய் முன்பக்கப் புகைப்பெட்டியில் உட்கார்ந்துகொண்டு அங்கே பூசியிருந்த பெயிண்டை எரித்தது. இந்த மூன்று ரோகத்துக்கும் மருந்து தேடியபோதுதான், மூன்றும் எவ்வளவு பழைய ரோகங்கள் என்று தெரிந்தது.

சரி, கதைக்கு வருவோம்.

1812 மே 25. இங்கிலாந்தின் வடகிழக்கில் ஃபெல்லிங் என்ற ஊரின் நிலக்கரிச் சுரங்கம் வெடித்தது. 92 பேர் இறந்தார்கள். அதில் பலர் சிறுவர்கள். பூமிக்கடியில் நிலக்கரியோடு மீத்தேன் வாயுவும் சேர்ந்தே இருக்கும். அன்றைக்கு வெளிச்சத்துக்கு வழி, மூடி எதுவும் இல்லாத மெழுகுவர்த்திதான். வாயு காற்றோடு கலந்து நிற்கும் இடத்துக்கு மெழுகுவர்த்தியோடு போனால் என்ன ஆகும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அதற்காக விளக்கே இல்லாமல் வெட்டவும் முடியாது.

அதே வட்டாரத்தில் கில்லிங்வொர்த் சுரங்கத்தில் எஞ்சின்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தவர் ஜார்ஜ் ஸ்டீபன்சன். அப்பா நீர் இறைக்கும் எஞ்சினுக்கு நெருப்புப் போடுகிறவர். பள்ளிக்கூடம் போனதில்லை. பதினெட்டு வயதில், சம்பாதித்த காசைக் கொடுத்து இரவுப் பள்ளியில் எழுத்துக் கற்றுக்கொண்டவர். 1814இல் தன் முதல் ரயில் எஞ்சினைச் செய்து ஓட்டிவிட்டார். அடுத்த வருடம் விளக்கைக் கையில் எடுத்தார்.

அவருக்கு வேதியியல் தெரியாது. சுரங்கத்தின் விரிசல்களில் வாயு எரிவதைப் பார்த்துப் பார்த்து, தீ எதைத் தாண்டுகிறது, எதைத் தாண்டவில்லை என்று ஒரு மனக்கணக்கு வைத்திருந்தார். 1815 அக்டோபர் 21ஆம் தேதி இரவு, தகரக்காரர் செய்துகொடுத்த விளக்கோடு சுரங்கத்துக்குள் இறங்கினார். கூட வந்தவர்கள் நிக்கோலஸ் வுட், மூடி என்ற இருவர். வாயு பீறிட்டு வரும் ஒரு மூலையை முதலில் மூடி போய்ப் பார்த்துவிட்டு, உள்ளே போனால் ஆபத்து என்று சொல்லிவிட்டார். இருவரையும் பாதுகாப்பான தூரத்தில் நிற்கச் சொல்லிவிட்டு, ஸ்டீபன்சன் மட்டும் எரிகிற விளக்கைப் பிடித்துக்கொண்டு போனார். விளக்கு தவறியிருந்தால் ரயில் வரலாறே வேறு மாதிரி இருந்திருக்கும். தீ உள்ளேயே கொஞ்சம் எம்பி அணைந்தது. வெடிக்கவில்லை.

அதே மாதங்களில் லண்டனில் சர் ஹம்ப்ரி டேவி, அன்றைய இங்கிலாந்தின் நட்சத்திர விஞ்ஞானி, ஆய்வுக்கூடத்தில் அதே பிரச்சினையில் இருந்தார். நவம்பர் 9ஆம் தேதி ராயல் சொசைட்டியில் கட்டுரை வாசித்தார். வெடிக்கும் கலவை குறுகிய உலோகக் குழாய்க்குள் போகும்போது தீ அதைப் பின்தொடர முடியவில்லை என்பது அவர் கண்டது. உலோகம் சூட்டை உறிஞ்சிவிடுகிறது, அடுத்த துளி வாயுவைப் பற்ற வைக்கும் சூடு மிச்சமிருப்பதில்லை. குழாயைக் குட்டையாக்கிக்கொண்டே போனால் கடைசியில் அது வெறும் ஓட்டைதான். ஓட்டைகளை அடுக்கினால் கம்பிவலை. சதுர அங்குலத்துக்கு 784 கண் உள்ள வலையைச் சுற்றிய அவருடைய விளக்கு 1816இன் தொடக்கத்திலேயே சுரங்கத்துக்குள் போய்விட்டது. ஸ்டீபன்சன் விளக்கில் கண்ணாடிக் கூண்டும், அடியில் துளையிட்ட தகடும். வழி வேறு, விஷயம் ஒன்றுதான்.

பிறகு சண்டை. டேவிக்குச் சுரங்க முதலாளிகள் 2000 பவுண்டுக்கு மேல் மதிப்புள்ள வெள்ளிப் பாத்திரங்கள் கொடுத்தார்கள். ஸ்டீபன்சனுக்கு நூறு கினி. படிக்காத எஞ்சின்காரன் இதைத் தானாகக் கண்டுபிடித்திருக்க முடியாது, நம்முடையதைத்தான் எடுத்திருப்பான் என்பது டேவி பக்கத்தின் வாதம். நியூகாசில்காரர்களுக்கு ரோஷம் வந்து, தனியாக வசூல் செய்து ஆயிரம் பவுண்டு கொடுத்தார்கள். 1833இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழு ஒன்று ஸ்டீபன்சனுக்கும் சம உரிமை உண்டு என்று சொன்னது. அதற்குள் டேவி செத்து நாலு வருடம்.

ஸ்டீபன்சனின் வடநாட்டு உச்சரிப்பு லண்டன்காரர்களுக்கு ஒரு கேலிப்பொருள். 1825இல் லிவர்பூல் - மான்செஸ்டர் ரயில் பாதைக்காக அவர் நாடாளுமன்றக் குழு முன் சாட்சி சொன்னபோது, வக்கீல்கள் அவரைக் குடைந்து எடுத்தார்கள். அந்த வருடம் மசோதா தோற்றது. பேச்சு வாடையை வைத்து ஆளை எடை போடுவதை வெளியூரில் வேலை பார்க்கும் நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மனிதர் தன் மகன் ராபர்ட்டை நியூகாசிலில் நல்ல பள்ளியில் படிக்க வைத்து, 1822இல் எடின்பரோ பல்கலைக்கழகத்துக்கும் சில மாதம் அனுப்பினார். தனக்குக் கிடைக்காததைப் பிள்ளைக்கு வாங்கித் தரும் அப்பாக்கள் எல்லா ஊரிலும் ஒரே ஜாதி.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். பாதுகாப்பு விளக்கு வந்த பிறகு சுரங்கச் சாவுகள் உடனே குறைந்துவிடவில்லை. ஆபத்தானவை என்று மூடிப்போட்ட இடங்களை முதலாளிகள் 'அதான் விளக்கு இருக்கே' என்று மறுபடி திறந்தார்கள். வலையில் ஒரு கம்பி துருப்பிடித்து அறுந்தாலும் கதை முடிந்தது. இந்தப் பகுதியைப் பாடப்புத்தகங்கள் அவ்வளவாகச் சொல்வதில்லை.

அடுத்த கட்டம் ஜெர்மனியில், ஹைடல்பெர்க் பல்கலைக்கழகத்தில். நாம் பள்ளிக்கூட லேபில் பார்த்த புன்சன் பர்னரின் ராபர்ட் புன்சன். ஊருக்குத் தெருவிளக்குக்காக நிலக்கரி வாயு வந்திருந்தது, புது ஆய்வுக்கூடமும் கட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த வாயுவை அப்படியே எரித்தால் மஞ்சள் தீயும் கரியும்தான். முதலிலேயே காற்றைக் கலந்து எரித்தால் நீலத் தீ, நல்ல சூடு. ஆனால் கலந்த வாயு வெடிக்குமே? அன்றைக்கு அதற்கு ஒரு வழி இருந்தது. அவருடைய மாணவர் ஹென்றி ராஸ்கோ லண்டனிலிருந்து கொண்டுவந்த பர்னரின் வாயில் கம்பிவலை போட்டிருந்தது. டேவியின் அதே வலை. தீ கீழே இறங்காது. ஆனால் அந்தத் தீ பெரிதாகப் பரந்து, சூடு குறைந்து, அவ்வப்போது ஆடியது. புன்சனுக்குப் பிடிக்கவில்லை. வலையே இல்லாமல் எரிய வேண்டும் என்றார்.

தீ ஓடும் வேகத்தைவிட வாயு ஓடும் வேகம் கூடுதலாக இருந்தால் தீயால் எதிர்நீச்சல் போட்டு உள்ளே வர முடியாது. குறுகிய ஜெட் வழியே வாயுவை வேகமாகப் பீய்ச்சினால், அது போகிற போக்கில் பக்கத்து ஓட்டைகள் வழியே காற்றையும் இழுத்துக்கொண்டு போகும். குழாய்க்குள் கலந்து, வாயில் வந்து எரியும். பல்கலைக்கழகத்தின் மெக்கானிக் பீட்டர் டெசாகாதான் இதைக் கையால் செய்துகொடுத்தவர். 1855இல் புதிய ஆய்வுக்கூடத்துக்குத் தயாரானது. புன்சன் காப்புரிமை வாங்கவில்லை. பெயர் மட்டும் அவருக்கு, டெசாகாவை யாருக்குத் தெரியும்?

நம் வீட்டு அடுப்பு, தெருமுனை தோசைக்கடை அடுப்பு, நண்பரின் எஞ்சின் எல்லாம் இந்தக் குடும்பம்தான்.

பொம்மை எஞ்சின்களுக்கு இந்தக் குடும்பத்தோடு சம்பந்தம் ரொம்பத் தாமதமாகத்தான் ஆனது. விக்டோரியா காலத்தில் பிரிட்டனில் விற்ற பித்தளை எஞ்சின்களுக்கு ஸ்பிரிட் விளக்குதான். ஓடுகிற வழியெல்லாம் தண்ணீர் ஒழுகியதால் 'பர்மிங்ஹாம் டிரிப்ளர்', அதாவது ஒழுக்கன், என்று செல்லப் பெயர். கவிழ்ந்தால் எரிகிற ஸ்பிரிட் கம்பளத்தில் ஓடும். காற்றடித்தால் தீ அணையும். 1920களில், எல்.பி.எஸ்.சி. என்ற புனைபெயரில் எழுதிய ஒருவர், சின்ன எஞ்சினிலும் நிஜக் கரியே எரிக்கலாம் என்று செய்து காட்டி, 'மாடல் எஞ்சினியர்' பத்திரிகையில் பெரிய வாக்குவாதமே நடந்தது. கரி எரிப்பது அழகுதான். ஆனால் உள்ளங்கை அளவு நெருப்பறைக்கு நிமிடத்துக்கு ஒரு முறை கரி போட்டுக்கொண்டிருக்கப் பொறுமை வேண்டும்.

கேஸ் வந்தது எங்கிருந்து என்று பார்த்தால் சிகரெட் லைட்டரிலிருந்தும் கூடாரம் போட்டுச் சமைப்பவர்களின் கேஸ் டப்பாவிலிருந்தும்தான். பியூட்டேனைச் சின்ன டப்பாவில் கடையில் வாங்கலாம் என்று ஆன பிறகு, தோட்டத்தில் தண்டவாளம் போட்டு ஓட்டும் பிரிட்டிஷ்காரர்கள் 1970, 80களில் அதை எஞ்சினுக்குள் கொண்டுவந்தார்கள். இன்றும் பல மாடல்களில் கேஸ் நிரப்பும் வால்வு, லைட்டரில் இருக்கிற அதே ரகம்.

நம்ம ஊர்ப் பெரிய எஞ்சின்களுக்கும் எரிபொருள் மாறிய கதை உண்டு. மேட்டுப்பாளையம் - ஊட்டி ரயிலுக்கு 2010களில் திருச்சி பொன்மலைப் பணிமனையில் புதிதாகக் கட்டியவை எண்ணெயில் எரிபவை. லீவில் ஊருக்குப் போகும்போது பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் குன்னூரில் பக்கத்தில் நின்று அந்த பர்னரின் உறுமலைக் கேட்கச் செய்யுங்கள். அது தனிக் கதை, இங்கே வேண்டாம்.

இப்போது நண்பரின் எஞ்சினுக்கு வருவோம்.

'டப்' என்று தீ பின்வாங்குவது ஏன் என்று மேலே சொன்னதிலேயே விடை இருக்கிறது. பியூட்டேன் கலவையில் தீ ஓடும் வேகம் விநாடிக்குச் சுமார் 40 செ.மீ. பர்னரின் பிளவுகள் வழியே வாயு அதைவிட வேகமாக வந்துகொண்டிருக்க வேண்டும். வால்வை அதிகமாகக் குறைத்தாலோ, தொட்டி காலியாகிக்கொண்டிருந்தாலோ, பிளவு அகன்றுவிட்டாலோ தீ உள்ளே நுழைந்து ஜெட்டின் முனையிலேயே உட்கார்ந்துவிடும். ஓசை மாறும், ஜெட் பிடி சுடும், பாய்லரில் அழுத்தம் இறங்கும். உடனே மூடி, ஆற விட்டு, மறுபடி பற்ற வைப்பதுதான் வழி. புன்சன் காலத்து நிலக்கரி வாயுவில் பாதிக்குப் பாதி ஹைட்ரஜன், அதன் தீ பல மடங்கு வேகமாக ஓடும். அந்த வாயுவையே அவர் அடக்கினார் என்பதை நினைத்தால் மரியாதை வருகிறது.

ஊளை வேறு வகை. 1777இல் பிரையன் ஹிக்கின்ஸ் என்பவர், கண்ணாடிக் குழாய்க்குள் ஹைட்ரஜன் தீயை வைத்தால் அது பாடுவதைக் கவனித்தார். 1818இல் ஃபாரடே இதை ஆராய்ந்தார். 1859இல் லைடனில் ரைக்கே, குழாய்க்குள் சூடான கம்பிவலையை வைத்தாலே போதும், பாடும் என்று காட்டினார். 1878இல் ராலே பிரபு காரணம் சொன்னார்: குழாய்க்குள் காற்று நெருங்கும் அதே கணத்தில் சூடும் கூடிக் கொடுத்தால், அசைவு வளர்ந்துகொண்டே போகும். ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளுவது மாதிரி. பாய்லருக்குள் போகும் குழாய் ஒரு புல்லாங்குழல், பர்னர் அதை ஊதுகிறது. 1960களில் நிலவுக்கு மனிதனை அனுப்பிய சாட்டர்ன்-5 ராக்கெட்டின் எஃப்-1 எஞ்சினைப் படுத்தியெடுத்ததும் இதே இனத்துத் தொல்லைதான். அங்கே அதைச் சோதிக்க, எரிகிற எஞ்சினுக்குள் சின்ன வெடிகுண்டு வைத்துப் பார்த்தார்கள். நாங்கள் அவ்வளவு தூரம் போகவில்லை :-)

ஆனால் இங்கிலாந்தில் ஒழுங்காக இருந்தது இங்கே ஏன் ஊளையிட வேண்டும்? இதற்கு விடை எந்தக் கையேட்டிலும் இல்லை, கணக்குப் போட்டால் தெரிகிறது. மூடிய தொட்டியில் திரவ பியூட்டேனுக்கு மேல் நிற்கும் அழுத்தம் வெப்பநிலையை மட்டுமே பொறுத்தது. பூஜ்ய டிகிரியையொட்டி அது கொதிப்பதே நின்றுவிடும். 10 டிகிரியில் வெளிக்காற்றைவிட அரை பார் கூடுதல். 20இல் ஒரு பாருக்குக் கொஞ்சம் மேல். 30இல் ஒன்றே முக்கால். 40இல் கிட்டத்தட்ட மூன்று பார். அங்கே குளிர்காலத்தில் கேஸ் தொட்டியை வெந்நீரில் உட்கார வைத்து ஓட்டுகிறார்கள். புனேயின் மே மாத மதியத்தில் நமக்கு அதே ஜெட் வழியே அங்கத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல் அழுத்தம். அதில் புரொப்பேன் கலந்த டப்பாவை நிரப்பினால் கேட்கவே வேண்டாம். தொட்டி வேறு சூடான பாய்லருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அது சூடாகச் சூடாக அழுத்தம் கூடும், தீ கூடும், இன்னும் சூடாகும். ஊளைக்கும், தீ பர்னரை விட்டு எழும்பிப் புகைப்பெட்டிக்கு ஓடியதற்கும் இதுதான் மூலம்.

ஆகவே செய்தது இவ்வளவுதான். புரொப்பேன் கலக்காத பியூட்டேன். தொட்டியை முழுக்க நிரப்பாமல் மேலே கொஞ்சம் இடம் விடுவது, இல்லாவிட்டால் திரவமே ஜெட்டுக்குப் போய் மஞ்சள் தீயாகப் பீறிடும். காலை ஆறு மணிக்கு ஓட்டம், தொட்டியைச் சுற்றி ஈரத்துணி. வால்வு மயிரிழை அளவு திறப்பு. புகைபோக்கி வழியே தீக்குச்சி காட்டி, 'புப்' என்று தீ பின்னால் போய் பர்னரில் உட்காரும் வரை கேஸை மெதுவாகக் குறைப்பது. ஊளை பாதிக்கு மேல் போய்விட்டது.

மிச்ச ஊளைக்கு, பர்னர் குழாயின் மேல் மெல்லிய ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வலையை ஒரு சுற்றுச் சுற்றினோம். மாடல்காரர்கள் பலர் செய்வதுதான். தீ பல சின்னத் துண்டுகளாகப் பிரிந்து பரவலாக எரியும், பின்வாங்கவும் தயங்கும். 1815இல் டேவி சுற்றியது, 1855இல் புன்சன் வேண்டாம் என்று கழற்றியது, திரும்ப வந்து உட்கார்ந்துகொண்டது. வலை எங்கிருந்து கிடைத்தது என்று கேட்காதீர்கள். எங்கள் வீட்டு டீ வடிகட்டியைத் தங்கமணி இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்.

ஜெட்டைப் பற்றி ஒன்று. அதன் துளை கால் மில்லிமீட்டருக்கும் குறைவு. ஒரு தூசு போதும், தீ சோம்பிவிடும். அடுப்பு ஜெட்டுக்குப் பின் போடுகிற பழக்கத்தில் இதற்கும் ஊசி போட்டால் துளை பெரிதாகி, ஜெட்டே மாற்ற வேண்டி வரும். கழற்றி, சாராயத்தில் ஊற வைத்து, எரியாத நிலையில் கேஸ் டப்பாவின் முனையைப் பின்புறமாக வைத்து ஒரு முறை ஊதினால் போதும். திறந்த வெளியில், பக்கத்தில் தீ இல்லாமல்.

வீட்டு 14.2 கிலோ சிலிண்டரிலிருந்து இந்தத் தொட்டியை நிரப்பலாமா என்று நண்பரின் மச்சான் கேட்டார். கூடவே கூடாது. அதில் புரொப்பேனும் கலந்திருக்கிறது, இந்தச் சின்னத் தொட்டி அந்த அழுத்தத்துக்குச் செய்ததில்லை, சட்டப்படியும் குற்றம். லைட்டருக்கு நிரப்பும் பியூட்டேன் டப்பா நம்ம ஊர்க் கடைகளிலேயே கிடைக்கிறது. வெளிநாட்டிலிருந்து வரும் உறவுக்காரரிடம் மட்டும் டப்பா வாங்கிவரச் சொல்லாதீர்கள், விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள்.